பெயரில்லாத காகிதம்

மலர்விழி யாரோ ஒருவரை ஜெர்மன் மொழியில் வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மொழிபெயர்ப்பு ஆபீஸ். முதலாளிகள் இருப்பது ஜெர்மனியில். நாலு வருஷம் முழுதாக வேலை பார்த்தவர்களுக்குக் கம்பெனியில் பங்கு உண்டு. ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. அந்தப் பங்கை நம்பித்தான் இந்தச் சம்பளத்துக்கு எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காகிதம் ஆங்கிலத்தில் வந்திருந்தது; முதலாளிகளின் கோப்புக்கு ஜெர்மனிலும் வேண்டுமாம். வேலை இந்த வாரத்தோடு முடிகிறது, பங்கு காலாவதியாகிறது. காலாவதிக்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. தேதி போன ரயில் டிக்கெட்டுக்கும் அதையேதான் சொல்வார்கள். யோசிக்காமல் தட்டினாள்.

வெளியே கொடுத்தால் செலவு என்று, ஆளைத் தூக்கும் காகிதத்தைக்கூட ஆபீசிலேயே மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டார்கள். பெயரைக் கறுப்படித்தால் போதும் என்ற நினைப்பு. சேர்ந்த தேதியை அடிக்க மறந்துவிட்டார்கள் புத்திசாலிகள்.

செப்டம்பர் பதினேழு.

அவள் கை நின்றது. அன்றைக்குச் சேர்ந்தவன் சென்றாயன் ஒருவன்தான். சங்ககிரி ரோட்டில் பைக் சறுக்கி, முட்டியில் கட்டோடு முதல் நாள் வந்து நின்றவன். அவனுக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவள் அவள்.

முதலில் வந்தது நிம்மதிதான்: நல்லவேளை, தன் தேதி இல்லை. அப்புறம் வெட்கம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. மரத்துப்போய் அடுத்த வரிக்குப் போனாள்.

"முடிஞ்சுதாம்மா?" மேனேஜர் வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதுங்க சார்." அனுப்பினாள்.

எதிர் மேஜையில் சென்றாயனும் ஏதோ காகிதத்தை ஜெர்மனில் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிரீத்திக்கு இது எட்டாம் மாதம். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் அவளிடம், "உங்க பயோடேட்டாவ அனுப்புங்க, எப்படி எழுதியிருக்கீங்கன்னு பாக்கோணும்" என்று கேட்டு வாங்கியிருந்தான். போய்விடுவான், பிழைத்துக்கொள்வான் என்று அதைத்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவனே ஆரம்பித்தான். "கோயம்புத்தூருக்கு நான் போகலீங்க."

"ஏனுங்க?"

"இன்னும் மூணு வாரத்துல பங்கு வந்துரும். நாலு வருசத்த உட்டுட்டு எப்படிங்க போறது?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காகிதத்தில் உள்ளதை வாய்விட்டுச் சொன்னால் தன் வேலை போகும், தன் பங்கும் போகும். பேசாமல் இருந்தால், வாரக் கடைசியில் இவன் நடுத்தெருவில் நிற்பான்.

டப்பாவை மூடினாள்.

"சென்றாயன், மொதல்ல அவங்களுக்குப் போன் போட்டு, வாரேன்னு சொல்லுங்க."

"எதுக்குங்க?"

"இன்னிக்கு எனக்கு ஒரு காகிதம் வந்துச்சு. வேலையில இருந்து தூக்கறாங்க. பேர அடிச்சிருக்காங்க, ஆனா சேந்த தேதி செப்டம்பர் பதினேழு."

வாய்க்குக் கொண்டுபோன புளிச்சோற்றை அவன் டப்பாவிலேயே திரும்ப வைத்தான். அவள் அவசரப்படுத்தினாள்.

"இன்னும் நேரம் இருக்குதுங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்கல்ல?"

"காலைலயே எழுதிட்டேனுங்க." அவன் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது. "எனக்கு வேண்டாம், எனக்குப் பதிலா உங்கள எடுத்துக்கச் சொல்லி. இப்பத்தான் சரின்னு பதில் வந்துச்சு. திங்கக்கெழம உங்களச் சேரச் சொல்றாங்க."

"என்னையா? என்னைய எதுக்குங்க சொன்னீங்க? எனக்குத்தான் இன்னும் ரெண்டு வாரத்துல பங்கு வருதே!"

சென்றாயன் கையைக் கழுவாமலே எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து எனக்கு வந்தது உங்க காகிதமுங்க."