புளி தின்ற எழுத்து

பாய்லரில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் மூன்று லட்சம் என்ற எண் மட்டும் இருந்தது. எந்த அளவில் மூன்று லட்சம் என்பது இல்லை.

ஜேம்ஸ் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்துப் பார்த்தான்.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு சந்தனம் வெப்போம் சார். மறுநாளு புளி போட்டுத் தேய்ச்சுடுவேன். எப்டி பளபளன்னு கீது பாருங்க" என்றார் பாய்லர்காரர் கலியமூர்த்தி.

பளபளவென்றுதான் இருந்தது. ஆழமாகக் குத்தியிருந்ததால் எண் தப்பித்துக்கொண்டது. பக்கத்து எழுத்துகளைப் புளி தின்றுவிட்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அது. எண்ணெயில் எரியும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைக்கப்போகிறார்கள். பழையது மணிக்கு எவ்வளவு சூடு கொடுத்தது என்பதைக் கிலோவாட்டில் சொன்னால்தான் புதியதற்கு ஆர்டர் போடமுடியும். புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர் என்று அந்த வேலையை ஜேம்ஸ் தலையில் கட்டியிருந்தார்கள்.

சூட்டை அளக்கும் பழைய கணக்கு இரண்டு விதம். பி.டி.யு. என்றால் 3412-ஆல் வகுக்கவேண்டும், எண்பத்தெட்டு கிலோவாட் வரும். கிலோ கலோரி என்றால் 860-ஆல், முந்நூற்று நாற்பத்தொன்பது வரும்.

இதில் இன்னொரு சங்கதியும் ஒட்டிக்கொண்டிருந்தது. நூறு கிலோவாட்டுக்குள் இருந்தால் தனி ஆள் வேண்டாம், வாட்ச்மேனே சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொள்ளட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நூறைத் தாண்டினால் கலியமூர்த்தி இருப்பார்.

அது கலியமூர்த்திக்கும் தெரியும்.

"பெரியவரே, இது பி.டி.யு.வா, கலோரியா?"

"கலோரி சார்." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "இருவது வருசமா இத்தோட குடித்தனம் பண்ணிகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

"பி.டி.யு. சார்."

சொன்னது வசந்தகுமாரி. வரைபட அறையில் வேலை பார்க்கும் பெண். பாய்லரை அளக்க டேப்போடு வந்திருந்தாள்.

"ஒரு டிரம் எண்ணெய் ரெண்டரை ஷிஃப்ட் வருது. கலோரியா இருந்தா காலைல திறக்கிற டிரம் மத்தியான சாப்பாட்டுக்குள்ள காலியாயிடணும் சார்."

ஜேம்ஸ் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். அவள் சொன்னது சரி.

"இன்னாம்மா நீ, டேபிள்ல குந்திகினு கோடு போடற பொண்ணு. டிரம்மு காலியாவறது உனக்கு எப்டித் தெரியும்?" என்று கலியமூர்த்தி சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினாள்.

ஜேம்ஸுக்கு எரிச்சலாக வந்தது. கணக்கு சரியாகவே இருக்கட்டும், அந்த மனுஷரை எதிரில் வைத்துக்கொண்டா சொல்வது? பெரிய பாய்லராக வந்தால் யார் குடி முழுகிவிடும்? முதலாளிக்குக் கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதானே.

"கலோரின்னே வெச்சுக்கலாம்" என்றான்.

முந்நூற்று நாற்பத்தொன்பது என்று எழுதி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அன்றைக்கு ஆறிப்போன சோறுகூட ருசித்தது.

சாயங்காலம் சங்கு ஊதியது. கேட்டுக்கு வெளியே வசந்தகுமாரி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கலியமூர்த்தி அவளை நோக்கிப் போவதைக் கண்டு, தன் சைக்கிளை எடுத்த ஜேம்ஸ் கேட் தூணருகே நின்றான். சண்டை வந்தால் விலக்கிவிட யாராவது வேண்டுமே.

"ஏறு நைனா" என்றாள் அவள்.

கலியமூர்த்தி கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"பெத்த பொண்ணு நீயே காலை வாரி வுடறே. யாரு பெத்த புள்ளையோ, அந்த சாரு என் சோத்துல மண்ணு வுயாம பாத்துகினாரு."

"அவருக்கு இன்னா தெரியும்? சித்திரைலேர்ந்து மூணு தபா அந்தச் சூட்டுல மயங்கி வுயுந்துகீறே. இன்னொரு தபா வுயுந்தா ஏந்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? புது பாய்லர் வந்தா மட்டும் அந்த ரூமுல காத்தா அடிக்கப்போவுது? என் சம்பளம் போதும், வுட்டுடுன்னா நீ வேலைய வுட மாட்டேன்றே. வேலையாவது உன்னை வுடும்னு பாத்தேன்."

"மெதுவா பேசு. யாரு காதுலயாவது வுயப்போவுது."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் ஜேம்ஸைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஓடத் தொடங்கிய சைக்கிளில் இருந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"நல்லா இருக்கணும் சார்!"

சைக்கிள் கொரட்டூர் ரோட்டில் திரும்பும்வரை ஜேம்ஸும் கும்பிட்டபடி நின்றான்.

மேனேஜர் இன்னும் கிளம்பவில்லை; எண் எழுதிய தாளும் அவர் மேசையில்தான் இருக்கும். ஜேம்ஸ் திரும்பி அவர் அறையை நோக்கி நடந்தான்.