உப்பிப்போன பேட்டரி

"கேமரா பேட்டரி வயிறு உப்பியிருக்கு, மாத்துங்க" என்று மனைவி சொன்னதற்கு, "எனக்கும்தான் உப்பியிருக்கு, என்னையும் மாத்திடேன்" என்று கேட்டவர் போட்டோக்காரர் லூர்துசாமி. தெருவுக்கே தெரிந்த சண்டை அது. அதே பேட்டரியோடுதான் இழவு வீட்டுக்கும் போனார். நாற்காலியில் உட்காரவைத்திருந்த அப்பாவின் பிணத்துக்கு இரண்டு பக்கமும், பத்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த வீட்டு அண்ணனும் தம்பியும் படத்துக்கு நிற்க வேண்டும். தங்கை வேதவல்லி இருவர் காலிலும் விழுந்து சம்மதிக்க வைத்திருந்தாள்.

"ஒரே படம். அவன் மூச்சு என் மேல படக்கூடாது" என்றான் அண்ணன்.

"உயிரோட இருந்தப்ப எட்டிப் பாக்காத நாய்க்குப் படம் ஒரு கேடு" என்றான் தம்பி.

லூர்துசாமி பட்டனை அமுக்கினார். அதுவரை முழு சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த கேமரா, படம் எடுக்காமலே அணைந்துபோனது. கொஞ்சம் பொறுங்க என்றால் இவர்கள் இன்னொரு தடவை நிற்கப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் முதல் அடி தனக்குத்தான். மேலே மாட்டியிருந்த பிளாஷுக்குத் தனி பேட்டரி. அதன் பட்டனை மட்டும் அமுக்கினார். பளிச்சென்று அடித்தது.

அண்ணன் வாசல் பக்கமும் தம்பி கொல்லைப் பக்கமும் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

வேதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கை நீட்டினாள். "காட்டுங்கண்ணே. ரெண்டு பேரும் சேந்து நிக்கிறத ஒருதடவ பாத்துக்கிறேன்."