வண்டி நின்ற இடம்

"ரெண்டே கால் மணி நேரம்! வண்டி நின்னுச்சா, இல்ல படுத்துத் தூங்குச்சா?"

லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் வீரையன், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டவன் நெடுமாறன். நீடாமங்கலத்து அரிசி ஆலைக்கு நெல் கொண்டுவரும் இருபத்திரண்டு லாரிகளுக்கும் மேனேஜர். எந்த லாரி எங்கே போகிறது என்பது அவன் போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வண்டி நின்றால் புள்ளி சிவப்பாகும். கூடவே அவன் முகமும்.

"சொல்லுங்க. டயர் பஞ்சரா?"

"இல்லீங்க சார்."

"ரோட்டுல மாநாடா?"

"இல்லீங்க."

"தரங்கம்பாடியில காலையிலேயே லோடு ஏத்தியாச்சு. ஒன்பதே முக்காலுக்குத் திருக்கடையூர்ல நின்ன வண்டி, பன்னிரண்டு மணிக்குத்தான் நகருது. இங்க நெல்லு ஊறவைக்கிற தொட்டி காலி. பாய்லர் சும்மா எரியுது. லோடுமேனுங்க சீட்டாடுறாங்க. முதலாளி என் தலையை உருட்டுறாரு."

"தப்புதாங்க."

எடை மேடையில் இருந்த கயல்விழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், நாலு வருஷத்துல இவர் ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல..."

"அதான், எல்லாத்தையும் சேர்த்து வச்சு இன்னிக்கு மொத்தமா வந்திருக்காரு!"

லோடுமேன்கள் சிரித்தார்கள். நெடுமாறனுக்கு உற்சாகமாகிவிட்டது.

"நாளையிலேர்ந்து நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. சாவியைக் கயல்விழிகிட்ட குடுத்துடுங்க."

வீரையன் உடனே சாவியை நீட்டினார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்திருந்த நெடுமாறனுக்கு அது சப்பென்று போனது.

"காரணத்தையாவது சொல்லிட்டுப் போங்க. ரிப்போர்ட்ல எழுதணும்."

"வேண்டாங்க சார். சொன்னா நல்லாயிருக்காது."

"அது சரி! திருக்கடையூர்ல வேற என்ன இருக்கு? லாரியை ஓரங்கட்டிட்டு, எவனோ ஒரு கிழவனோட அறுபதாம் கல்யாணப் பந்தியில உக்காந்திருப்பீங்க. எந்தக் கிழவன், சொல்லுங்க?"

வீரையன் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அப்பாங்க. வண்டியில ஆலை பேரைப் பார்த்ததும், மகன்தான் வந்துட்டான்னு மாலையும் கழுத்துமா ரோட்டுக்கு ஓடி வந்தாரு. கலசத் தண்ணி ஊத்தப் பிள்ளை இல்லாம நின்னாங்க. நான் ஊத்திட்டு வந்தேன்."