அடிதாங்கி

"உன்னைக் கொன்னு போட்டுட்டுத்தான் இன்னிக்கு மறுவேலை!"

பக்கத்து வீட்டில் அந்தக் குரல் முடிவதற்குள், "வேணாம், அடிக்காத, வேணாம்!" என்று இன்னொரு குரல் அதன் மேலேயே விழுந்து அலறியது. அடுத்து எதுவோ சுவரில் மோதியது. தையல்காரம்மாவின் மிஷின் மேல் இருந்த நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது.

அவள் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று இதே மாதிரி சத்தம் கேட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓடியபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது நம்ம அடிதாங்கிம்மா! நாடக நடிகர், சினிமாவுலகூட வருவாரே. தனி ஆளு, பையன் வெளியூரு. பொழுதன்னிக்கும் வசனம் பேசிப் பழகுவாரு."

வசனம் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், சுவர் எதற்கு அதிர வேண்டும்? இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, துணி வெட்டும் கத்தரிக்கோலையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டியதும் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்சம் காக்கவைத்துத்தான் கதவு திறந்தது. வேர்த்து விறுவிறுத்து நின்ற கிழவரின் உதட்டிலிருந்து சிவப்பாக வழிந்து சட்டை நனைந்திருந்தது.

"சார், நீங்களா!" போலீஸ்காரருக்கு வாயெல்லாம் பல். "ஒரு படத்துல ரயில்வே கிளார்க்கா வந்து இடைவேளைக்கு முன்னாடி செத்துப்போவீங்களே!"

"இடைவேளைக்கு அப்புறம் நான் உசுரோட இருந்த படமே கிடையாது தம்பி" என்றார் கிழவர்.

உண்மைதான். மேடை ஏறிய நாளிலிருந்து அவருக்கு வாய்த்ததெல்லாம் அடி வாங்குகிற வேஷம்தான். உதைபடும் குமாஸ்தா, குத்துப்படும் வாத்தியார், வில்லன் காலில் விழுந்து கெஞ்சும் அப்பா. ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் இவர் பல் உடைய வேண்டும். இவ்வளவு அடி வாங்கியும் ஒரு போஸ்டரில்கூட அவர் முகத்தைப் போட்டதில்லை.

"இந்த ரத்தம்?" தையல்காரம்மா கத்தரிக்கோலை இறக்கவில்லை.

"சாயம்மா. ஒத்திகைன்னாலும் இதெல்லாம் பூசினாத்தான் எனக்கு அழுகை வரும்."

"ரெண்டு பேர் அடிச்சுக்கிட்ட மாதிரியில்ல கேட்டுச்சு?"

"புது நாடகம். அப்பனும் நான்தான், புள்ளையும் நான்தான்."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். உள்ள எவனாவது குத்துயிரா கெடந்தா யாரு பதில் சொல்றது? நகருங்க, நான் பாக்கணும்."

கிழவர் நகரவில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்றவர், "பாக்கறதுன்னா நாடகத்தையே பாருங்களேன்" என்றார். போலீஸ்காரர் உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கிழவரின் தோள் விரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "உன்னைக் கொன்னு போட்டுட்டுத்தான் இன்னிக்கு மறுவேலை!" என்று உறுமினார். பிறகு கூனிக் குறுகி, "வேணாம்டா" என்று முனகினார். பளார் என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

தன் தொண்டையைத் தானே நெரித்தபடி பின்னால் போய்ச் சுவரில் மோதினார். தலை இடித்த சத்தத்தில் தையல்காரம்மா அவரைப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தாள். தரையில் விழுந்த உடம்பு, யாரோ விலாவில் உதைப்பது போலத் தூக்கித் தூக்கிப் போட்டது. வாயிலிருந்து மறுபடியும் வழிந்தது.

"வெளிய வாயத் தொறந்தே, தொலைஞ்சே!" என்றது மகன் குரல்.

"சொல்லமாட்டேம்பா, சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று அழுதது அப்பன் குரல்.

போலீஸ்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "எதுக்கு சார் அந்தப் பாவி இந்த அடி அடிக்கிறான்?"

"அது அப்பனுக்கே தெரியாது தம்பி. குடிச்சா அவனுக்குக் கை நீளும், அவ்வளவுதான்."

"அந்த ஆளு ஒரு வார்த்தை கத்திக் கூப்பிட்டா அக்கம்பக்கத்துல ஓடி வரமாட்டாங்களா?"

கிழவர் தரையில் கிடந்தபடியே மூச்சு வாங்கினார். "வந்தா நீங்க புள்ளைய இழுத்துட்டுப் போயிடுவீங்க. அப்புறம் நாடகம் எப்படி நடக்கும்?"

போலீஸ்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். தையல்காரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வயசான மனுஷனைக் கொலைகாரனாக நினைத்துவிட்டோமே என்று கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே இங்க என்ன சத்தம் கேட்டாலும் வந்து தொந்தரவு பண்ணமாட்டேன்."

"நல்லதும்மா" என்று கிழவர் கைகூப்பினார்.

இருவரும் படியிறங்கினார்கள். அவர் எந்தெந்தப் படத்தில் எப்படியெப்படிச் செத்தார் என்று போலீஸ்காரர் சொல்லிக்கொண்டே போனது கொஞ்ச தூரம் கேட்டது. கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

உள் அறைக் கதவு திறந்தது.

"நல்லா நடிச்சே, அப்பா. தாழ்ப்பாளப் போட்டுட்டு வா."