மழைச் சக்கரம்

"அந்த லைட்டு பொய் சொல்லும்டா மச்சான். நாலு வருசமா என்னாண்ட பொய் சொல்லிகினு கீது" என்றான் பூபாலன் போனில்.

மாவுக்கட்டு போட்ட வலது காலை ஸ்டூல் மேல் நீட்டி, கேளம்பாக்கத்தில் தன் வீட்டுக் கதவோரம் உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் அவன் மனைவி மார்கரெட்டின் தம்பி சின்னராசு. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், இன்று ஒரு நாள் பூபாலனுக்குப் பதிலாக முதலாளியின் வெளிநாட்டுக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எரியுது மாமா. மஞ்சக் கலரு, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. திருவிடந்தை தாண்டறப்போதான் எரிஞ்சுது. ஓரங்கட்டிப் பாக்கட்டா?"

"பாத்து இன்னா பண்ணுவ? மணி ஒம்போது இருபத்தஞ்சு. பத்து அடிச்சா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான்."

பின் சீட்டில் அம்மாவோடு இருந்தாள் ஜெனிஃபர், பூபாலனின் ஒரே பெண். பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு, கல்பாக்கத்தில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. போட்ட பதினோரு விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். '24.11.2009, காலை 10 மணி' என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

விடியற்காலையிலிருந்து மழை, பஸ்ஸை நம்ப முடியாது. அமெரிக்கா போயிருந்த முதலாளி பாலசுப்ரமணியன் சாரிடம் நேற்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "கார் சும்மாதானே நிக்குது, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காருக்கு இரண்டு செட் சக்கரம். சார் வெளிநாட்டில் இருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம். வெயிலுக்கு ஒன்று, ஐப்பசி பிறந்தால் ஆழமாக வரி போட்ட மழைச் சக்கரம்.

காற்று குறைந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார், வெயில் சக்கரங்களுக்குள் மட்டும்தான் உண்டு. மழைச் சக்கரம் மாட்டிவிட்டால் காருக்குச் சேதி சொல்ல ஆள் இல்லை. அது பாட்டுக்கு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் எரியும். "கார்த்திகை விளக்கு ஏத்தியாச்சா பூபாலா?" என்று சாரின் மனைவி சியாமளா வருடா வருடம் கேட்டுச் சிரிப்பார்.

"இவ்ளோ நேரம் எரியலயே மாமா?"

"கொஞ்ச தூரம் ஓடுனாத்தான் எரியும். வாயை மூடிகினு ஓட்டு."

"வண்டி வேற வலது பக்கம் லேசா இழுக்குற மாதிரி கீது."

"கடல் காத்துடா. அந்த ரோட்டுல மழை நாள்ல அப்டித்தான் தள்ளும். மூணு சக்கரம் ஓட்டறவன்கிட்ட நாலு சக்கரத்தைக் குடுத்தா இப்டித்தான், நாலாவதைப் பாத்து பயந்துகினு கெடப்ப."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜெனிஃபர் சிரிப்பது போனில் கேட்டது. அந்தச் சிரிப்பை அவன் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"தொண்ணூறுல போ. எங்கயும் நிறுத்தாத. போனை ஆஃப் பண்ணி உள்ள போடு. மழையில பேசிகினு ஓட்டாத."

"சரி மாமா."

பூபாலன் ஒன்றும் அசட்டையாக அனுப்பிவிடவில்லை. காலையில் ஊன்றுகோலோடு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தான். வழக்கமாக அவன்தான் பக்கத்து டயர் கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கரம் மாற்றுவான். கால் உடைந்ததால், இந்த வருடம் சர்வீஸ்காரர்களே காரை எடுத்துப் போய் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

வேலை சுத்தம். காற்றடிக்கிற வால்வு எப்போதும் கறுப்பு ரப்பராக இருக்கும். இந்தத் தடவை நாலு சக்கரத்திலும் உலோகத்தில் போட்டு, மெட்டி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பெரிய இடத்து சர்வீஸ் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டான்.

மழை வலுத்தது. அவன் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் குனிந்து கிடந்தார். அவனுக்கு அடுத்தவர் கார். ஜெனிஃபருக்காவது தனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி. இது போனால் இன்னொரு கடிதம் வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சர்டிபிகேட் கவரை நனையாமல் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஜெனிஃபரின் போன் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. தேர்வு நடக்கும் இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். மார்கரெட்டுக்குப் போனே கிடையாது. சின்னராசுவை அழைத்தான். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது ஒரு பெண் குரல்.

'பரவால்ல, சொன்ன பேச்சைக் கேக்கறான்.'

போனைக் கீழே வைப்பதற்குள் அதுவே அடித்தது. நீளமான நம்பர். அமெரிக்காவிலிருந்து சார்.

"என்ன பூபாலா, பொண்ணு கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டா சார். இந்நேரம் மாபலிபுரத்தை நெருங்கியிருக்கும். எல்லாம் உங்க தயவு சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்குக் கண்டிப்பா கிடைக்கும் பாரு." சார் சிரித்தார். "அப்புறம், உங்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்த வருஷம் சியாமளாவோட கார்த்திகை விளக்கு கிடையாது. மழைச் சக்கரத்துக்கும் சென்சார் போடச் சொல்லிட்டேன்."

காலையில் மின்னிய அந்த உலோக வால்வுகள் பூபாலனின் கண்முன் வந்தன.

"இனிமே அந்த லைட் பொய் சொல்லாது."