எழுபத்திரண்டு பேர்

இன்று இருபது பேராவது ஏறாவிட்டால் நாளை முதல் அந்த பஸ் கிடையாது. கணக்கெடுக்க ஓர் அதிகாரி வருவார்; எந்த நிறுத்தத்துக்கு என்பது மட்டும் ரகசியம்.

பயணிகள் சங்கச் செயலாளரான தையல்காரம்மா வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சியதில், மூன்றாவது நிறுத்தத்திலேயே பஸ் பிதுங்கி வழிந்தது. எழுபத்திரண்டு பேர். ஆனாலும் அவள் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

“எண்ண வேண்டிய மனுஷனை இன்னும் காணோமே தம்பி?”

“வருவாருக்கா. எப்படி எண்ணினாலும் நாமதான் ஜெயிக்கிறோம்,” என்றார் கண்டக்டர்.

நாலாவது நிறுத்தத்தில் ஒரே ஒருவர் நின்று கை காட்டினார்.

“கால் வைக்க இடமில்ல சார், அடுத்த வண்டில வாங்க,” என்று கண்டக்டர் தலையை நீட்டிக் கத்த, பஸ் நிற்காமல் பறந்தது.

மறுநாள் அந்த நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘நேற்று இங்கே கணக்கெடுத்தபோது பஸ்ஸில் ஏறியவர்கள்: எவருமில்லை. பஸ் ரத்து.’