வெட்டச் சொன்ன காட்சி

திரையில் அப்பா கரடி, அம்மா கரடியின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்ட, அம்மா கரடி வயிற்றைப் பொத்தியபடி விழுந்தது.

"இந்த சீனைத் தூக்குங்க!" கார்ட்டூன் படத்தின் இயக்குநர் மேசையைக் குத்தினார். "விழுறவ கையை ஊனுவாளா, இப்படி வயித்தைப் பொத்துவாளா? எவன் நம்புவான்?"

காட்சியை வரைந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடிச்சு வீடியோ எடுத்துப் பார்க்காம வரையாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"இதை நடிக்கலை சார். ஆனா வீடியோ இருக்கு."

"போடு!"

வீடியோவில் அவள், வீட்டுச் சமையலறையில் அம்மா கரடிபோல் நடித்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று உள்ளே வந்த இயக்குநர் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

அவள் வயிற்றைப் பொத்தியபடி விழுந்தாள்.

"கையை ஊனலைங்க," என்றாள் காட்சியை வரைந்த அவர் மனைவி. "வயித்துல அப்ப நம்ம குழந்தை இருந்துச்சு."